சாவியோடு ஒரு போன்

எங்கள் லோரி கம்பெனியில் புனிதவதிக்கு ஓமக்கா என்று பெயர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்தவள். வாயில் ‘ஆமா’ வராது, ‘ஓம்’தான் வரும். போர்ட் கிள்ளானில் டிரைவர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி எங்கள் பேச்சும் அவளுக்குப் பாதி ஒட்டிக்கொண்டது. ஆனால் கோபம் வந்துவிட்டால் முழு யாழ்ப்பாணமும் இறங்கிவிடும். அதைக் கேட்பதற்காகவே சில டிரைவர்கள் அவளைச் சீண்டுவார்கள்.

நான் மார்க்கிரட், கணக்குப் பிரிவு. அவள் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பேக்ஸ் மெஷின்தான் இருந்தது. ஆகவே அவளைப்பற்றிச் சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. எனக்கு வாய் நீளம் என்று முதலாளி சொல்வார். அவர் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டிருந்தால் நான் அங்கே ஒரு மாதம்கூட வேலை பார்த்திருக்க முடியாது.

முதலாளி கன்னையா ஒற்றை லோரியில் தொடங்கியவர். அவரே ஓட்டி, அவரே கழுவி, அவரே டயர் மாற்றி வளர்ந்தவர். துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களை மேருவுக்கும் தெலுக் பங்லிமா காராங்குக்கும் உள்ள பேக்டரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் தொழில். சில லோரிகள் காராக் மலை ஏறிக் குவாந்தான் வரை போகும். எந்த லோரி எங்கே போக வேண்டும், எது எப்போது திரும்பும், எந்த டிரைவர் யாருக்குப் பதில் ஓட்டுகிறார் என்பதெல்லாம் புனிதவதியின் பொறுப்பு. அவள் கையில் இருந்ததோ ஒரே ஒரு மேசை போன். டிரைவர்கள் வழியில் ஏதாவது ரோட்டோர ஒட்டுக்கடையில் நிறுத்தி, அங்கே இருக்கும் காசு போடும் போனில் கூப்பிட்டால்தான் அவளுக்குத் தகவல். கூப்பிடாவிட்டால் சாமிக்குத்தான் தெரியும்.

ஆனால் வீடுகளிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு அது தெரியுமா? டிரைவர்களின் மனைவிமார் எல்லாருக்கும் அவளுடைய நம்பர் மனப்பாடம். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் வந்திருக்கிறார், அடுப்பு கேஸ் தீர்ந்துவிட்டது, எல்லாம் அவளிடம் வந்து சேரும். அதிலும் வீரம்மா இருக்கிறாரே, மூத்த டிரைவர் நாகையாவின் மனைவி, அவர் சாயங்காலம் ஐந்து மணி என்றால் கூப்பிட்டுவிடுவார். கேட்பது ஒரே கேள்விதான்.

“எதுவரைக்கும் வந்திருக்காரு அக்கா?”

வீரம்மா புனிதவதியைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நாகையா ஓட்டுவது குவாந்தான் வழி. மழைக்காலத்தில் அந்த மலைப்பாதையைப்பற்றிப் பேப்பரில் வருகிற செய்திகளைப் படித்தால் யாரும் போன் போட்டுக் கேட்கத்தான் செய்வார்கள். புனிதவதி கொஞ்சமும் தயங்காமல், இந்நேரம் மலை இறங்கியிருப்பார், இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்று சொல்வாள். சொல்லிவிட்டு ரிசீவரை வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அவர் மலை இறங்கினாரா, இன்னும் ஏறவே இல்லையா என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நாகையாவின் லோரி கேட்டுக்குள் நுழையும் சத்தம் கேட்கும் வரை அவள் வீட்டுக்குப் போக மாட்டாள். கடைசி டீயும் ஆறிப்போய் அப்படியே இருக்கும். நான் திட்டுவேன். உனக்கென்ன தலையெழுத்து, உன் புருஷனா என்று கேட்பேன். அவளுக்குப் புருஷனும் இல்லை. அப்பா அம்மா போன பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். வீடு போய்ச் சேர்ந்தாளா என்று கேட்க ஆளில்லாதவள் ஊரார் வீட்டு ஆண்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வரும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு எங்கள் முதலாளி கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அங்கே இன்னொரு லோரி கம்பெனிக்காரர் இடுப்பில் ஹேன்போனைச் செருகிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தாராம். சாம்பார் ஊற்றும்போது அது அடித்ததாம். பந்தியே திரும்பிப் பார்த்ததாம். அவ்வளவுதான், அடுத்த வாரமே எங்கள் முதலாளி பெட்டி நிறைய ஹேன்போன் வாங்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். ஏரியல் நீட்டிக்கொண்டு, செங்கல் கனத்தில், பார்க்கவே பயமாக இருந்தன. வாங்கியாகிவிட்டது, யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. அவர் என்றைக்கு யோசித்து வாங்கினார்?

அதற்காக ஒரு கூட்டம் போட்டார். முதலாளி, அவர் மகன் பாலன், புனிதவதி, நான், டிரைவர்கள் சார்பில் நாகையாவும் விஜயனும். பாலன் அப்போதுதான் படிப்பு முடித்துவிட்டு வந்து கம்பெனியில் உட்கார்ந்திருந்தான். கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் எதற்கும் ஒரு பூட்டுப் போட வேண்டும் என்பான். ஹேன்போன் ஆபீசர்களிடம்தான் இருக்க வேண்டும், டிரைவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் காலையில் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துச் சாயங்காலம் திருப்பி வாங்கிப் பூட்டிவிட வேண்டும், நம்பர் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்றான். விஜயன் இளந்தாரி. ஏற்கெனவே இடுப்பில் சொந்தமாக ஒரு பேஜர் வைத்திருந்தான். அவரவர் சொந்தமாக வாங்கிக்கொள்கிறோம், பில்லில் பாதியைக் கம்பெனி கட்டட்டும் என்றான். முதலாளி அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். நாகையா தனக்கு இந்த வம்பே வேண்டாம் என்றார்.

புனிதவதி எல்லாரையும் பேசவிட்டுவிட்டுக் கடைசியில் பேசினாள். ஆளுக்கு ஒரு போன் என்றால் ஆள் லீவு எடுக்கிற நாளில் போன் வீட்டில் தூங்கும், லோரி ரோட்டில் ஊமையாக ஓடும். லோரியிலேயே விட்டுவைத்தால் திருட்டுப் போகும். அலமாரியில் பூட்டினால், விடிவதற்கு முன்னால் வண்டி எடுக்கிறவருக்கு யார் வந்து திறந்து கொடுப்பது? ஆகவே போன் சாவியோடு போகட்டும் என்றாள். லோரிச் சாவியையும் போனையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுவது. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் போன். அவர் வீட்டுக்குச் சாவி போனால் போனும் போகட்டும். போனிலிருந்து ஆபீஸ் நம்பருக்கு மட்டும் கூப்பிட முடிகிற மாதிரிக் கடைக்காரனை வைத்துப் பூட்டிவிடலாம், அந்தப் பூட்டின் எண் தன்னிடம் மட்டும் இருக்கும் என்றாள். இதுவரை பாலனுக்கும் சம்மதம்தான். தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒன்று சொன்னாள் பாருங்கள், அங்கேதான் சண்டை தொடங்கியது. வெளியே போகிற கால் பூட்டியிருக்கட்டும், உள்ளே வருகிற கால் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு போனின் நம்பரையும் டிரைவர் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பாலன் எழுந்தே விட்டான். கம்பெனி போனில் புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொண்டிருப்பதா, லோரி ஓட்டுகிறவனுக்கு மனசு எங்கே இருக்கும் என்று கத்தினான். புனிதவதி முதலாளியைப் பார்த்துத்தான் பேசினாள்.

“தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு முதலாளி. ஒவ்வொரு நாளும் அஞ்சு மணிக்கு வீரம்மா அக்காவுக்கு நான் பொய் சொல்றன். இனி எனக்கு ஏலாது.”

நாகையா தலையைக் குனிந்துகொண்டார். தன் மனைவி தினமும் கூப்பிடுவது அவருக்கு அன்றுதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

முதலாளி தாடையைச் சொறிந்தார். தீபாவளி வரைக்கும் இப்படி நடத்திப் பார்க்கலாம், சரிவராவிட்டால் எல்லாப் போனும் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு டிரைவர்களுக்குப் போன் என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். புனிதவதி ‘ஓம்’ என்றாள். தனக்கு மட்டும் அவள் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று வைத்துக்கொள்ளேன் என்றேன். “எனக்கு ஆர் போன் எடுக்கப் போகினம்?” என்று சிரித்துவிட்டுச் சாவிகளில் கயிறு கட்டப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! நாகையா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசுவார். அவர் பேசினால் போனே தேவையில்லை, மலையிலிருந்து நேராகவே எங்களுக்குக் கேட்டுவிடும். வீட்டுப் பெண்கள் முதல் வாரம் கூச்சப்பட்டார்கள். இரண்டாம் வாரத்தில் கூச்சமெல்லாம் போய்விட்டது. மேருப் பக்கம் போகிறவர் தேங்காய் வாங்கி வர வேண்டும், பந்திங் பக்கம் போகிறவர் வாழைத்தார் வாங்கி வர வேண்டும். கண்டெய்னர் ஏற்றப் போன லோரிகளெல்லாம் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிற வண்டியாகிவிட்டன என்று பாலன் பொருமினான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனால் அவனிடம் ஒத்துக்கொள்ள மனசில்லை.

ஒரு நாள் காலையில் விஜயனின் மனைவி அவனைக் கூப்பிட்டாள். அவர்கள் வீடு தெலுக் பங்லிமா காராங்கில், பெரிய ரோட்டை ஒட்டி. வீட்டு வாசலில் ஒரு டிரெய்லர் கவிழ்ந்து கிடக்கிறது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை என்று புலம்பியிருக்கிறாள். விஜயன் உடனே ஆபீசுக்குக் கூப்பிட்டான். புனிதவதி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த எங்கள் லோரிகள் எல்லாவற்றையும் வேறு வழியாகத் திருப்பிவிட்டாள். மற்ற கம்பெனி லோரிகள் மத்தியானம் வரை வெயிலில் நின்று காய்ந்தன, எங்கள் கண்டெய்னர்கள் நேரத்துக்குப் போய் இறங்கின. அதன்பிறகு இது வழக்கமாகவே ஆகிவிட்டது. எங்கே வெள்ளம், எங்கே ஜாம், எங்கே ரோட் பிளாக் என்று வீட்டுப் பெண்கள் டிரைவர்களுக்குச் சொல்ல, டிரைவர்கள் ஆபீசுக்குச் சொல்ல, புனிதவதி எல்லாருக்கும் சொல்வாள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஐந்து மணிக்கு மேசை போன் அடிப்பதும் நின்றுவிட்டது. புனிதவதி வெளிச்சம் இருக்கும்போதே என்னோடு ரயில் ஏறத் தொடங்கினாள்.

எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. லோரிகளைக் கழுவி வரிசையாக நிறுத்தி, வாழைக்கன்று கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கம்பெனியே திருவிழாவாகிவிடும். டைப்ரைட்டருக்குப் பொட்டு, பேக்ஸ் மெஷினுக்குப் பொட்டு, என் கால்குலேட்டருக்கும் பொட்டு. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவச்சி, ஆனாலும் அந்தப் பொட்டை நான் அழித்ததில்லை. அந்தக் கால்குலேட்டர் ஒரு நாளும் கணக்கில் தப்புச் செய்ததில்லை, அதை ஏன் கெடுப்பானேன்?

அந்த வருஷம் ஹேன்போன்களும் பூஜைக்கு வந்தன. முதலாளி தன் கையாலேயே எல்லாவற்றையும் வாழை இலையில் படுக்கவைத்தார். தன்னுடைய போனை நடுநாயகமாக வைத்தார். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் கட்டை விரலால் வழித்து, மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு. முதலாளி கை பெரிய கை. அதன் மேல் குங்குமம், அதன் மேல் தீர்த்தம். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அதுவரை தொடக் கூடாது. ஆகவே சந்தனம் இரவெல்லாம் நன்றாக இறங்கிக் காய்ந்தது.

காலையில் கற்பூரம் காட்டி, சாவியும் போனுமாக எடுத்துக்கொண்டு லோரிகள் கிளம்பின. புனிதவதி நாகையாவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுத்தார். ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலத்தான் கேட்டது. விஜயனுக்கு அதுவும் இல்லை. சில போன்களில் பட்டனை அமுக்கினால் உள்ளேயே நின்றது. மத்தியானத்துக்குள் எல்லா லோரியும் ஊமையாகிவிட்டது.

பாலன் நேராக அப்பாவிடம் போனான். டிரைவர்கள் போனில் டீயைக் கொட்டிவிட்டார்கள், நான் அப்போதே சொன்னேன் என்றான். முதலாளிக்கு ஏற்கெனவே கோபம். காலையிலிருந்து கஸ்டமர்களெல்லாம் தன்னிடம் பேசாமலே போனை வைத்துவிடுகிறார்கள் என்று மனத்தாங்கலில் இருந்தார். சாயங்காலம் எல்லாரையும் லோரிகளுக்கு நடுவில் கூட்டி நிறுத்தினார். யார் கெடுத்தது என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் போனும் இப்போதே அலமாரிக்குப் போகிறது, தீபாவளி வரை காத்திருக்கவும் வேண்டாம் என்றார்.

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தெரியாமல் இல்லை. காலையில் ஒட்டுக்கடையில் போன் ஓட்டைகளைப் பல்குத்தும் குச்சியால் நோண்டிப் பார்த்தபோதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் முதலாளி தன் கையால் வைத்த பொட்டு, அதுவும் சாமிக்கு முன்னால் வைத்தது. அதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? வருஷம் முழுக்க அந்த ரோட்டில் ஓட வேண்டியவர்கள் அவர்கள். நாகையா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் நீளக்காரியான நானும் அன்று வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

புனிதவதியின் முகம் சிவந்துவிட்டது. யாழ்ப்பாணம் இறங்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“முதலாளி, உங்கட போனை ஒருக்கா எடுங்கோ.”

எடுத்தார். நடுநாயகமாக இருந்த போன் அல்லவா, பொட்டும் அதற்கேற்ற அளவில் காய்ந்து அப்பிக் கிடந்தது.

“இதுக்குச் சந்தனம் வைச்சது ஆர்?”

முதலாளி போனைப் பார்த்தார். பிறகு தன் கட்டை விரலைப் பார்த்தார். நகத்தின் ஓரத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

“சாமிக்குத்தானேம்மா வச்சேன்” என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

“சாமிக்கு வைச்சது சரி. வாயிலயும் காதிலயும் அப்பி விட்டா அது எப்பிடிக் கதைக்கும்?”

முதலில் சிரித்தது நாகையாதான். அவர் சிரித்தால் கப்பல் கிளம்புகிற சத்தம். அப்புறம் விஜயன், அப்புறம் எல்லாரும். முதலாளி முறைத்துப் பார்த்தார், முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். பாலன் மட்டும் விடவில்லை. பொட்டு வைத்தது யாராக இருந்தாலும் அலமாரியில் பூட்டியிருந்தால் இந்தப் பாடு இல்லை என்றான். பூட்டியிருந்தாலும் உங்கள் அப்பா அலமாரிக்கும் சேர்த்துப் பொட்டு வைத்திருப்பார் என்று நான் சொன்னேன். அதற்குள் என் வாய் திறந்துவிட்டது. முதலில் போய் ரிப்பேர் பண்ணிக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் லா என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். புனிதவதிக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு பார்க்கலாம் என்றால் முதலாளி பாலன் பக்கம் சாய்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அவள் போன்களை ஒரு கூடையில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்குப் போனாள். அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சின்னையாதான் ஒரே வழி. யாராவது அவள் நாற்காலியில் உட்கார்ந்து லோரிகளைப் பார்க்க வேண்டுமே? பாலன், அதிலென்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தான்.

அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. போன் இல்லாத லோரிகள் பழையபடி காணாமல் போயின. வீடுகளில் ஹேன்போன் நம்பரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் எல்லாரும் மேசை போனுக்கே வந்தார்கள். விஜயன் மனைவி, அவள் அம்மா, இன்னும் யார் யாரோ. பாலன் ஒவ்வொருவரிடமும் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தான். தெரியாது என்றால் அவர்கள் வைத்துவிடுவார்களா? திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கொஞ்சம் அதிகம்.

ஐந்து மணிக்கு வீரம்மா கூப்பிட்டார். நாகையா அன்று குவாந்தானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். பாலன் வீரம்மாவிடமும் தெரியவில்லை ஆன்டி என்றான். ரிசீவரைக் காதில் வைத்தபடி இருந்தான். என்ன சொல்கிறார் என்று கையை ஆட்டிக் கேட்டேன். பேசவில்லை, ஆனால் வைக்கவும் இல்லை என்று வாயை மூடிக்கொண்டு சைகை காட்டினான். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே அந்த அம்மா போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், இங்கே இவன் உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் பாலன் தொண்டையைச் செருமினான்.

“மல எறங்கியிருப்பாரு ஆன்டி. சாப்பாட்டுக்கு வந்துருவாரு.”

சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. புனிதவதி உட்கார்வாளே, அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. நாகையாவின் லோரி கேட்டுக்குள் வந்தபோது மழையில் நனைந்துகொண்டே ஓடிப்போய் லோரிக் கதவைத் திறந்தவன் அவன்தான். நாகையா, முதலாளி மகன் எதற்கு இப்படி ஓடி வருகிறான், வேலை போய்விட்டதோ என்று பயந்துவிட்டார்.

புனிதவதி வந்து சேர்ந்தபோது கூடையிலிருந்து சந்தன வாசமும் ஸ்பிரிட் வாசமும் கலந்து வந்தன. சின்னையா பழைய பல்துலக்கும் பிரஷால் ஒவ்வொன்றையும் தேய்த்துத் தேய்த்து உயிர் கொடுத்திருந்தார். தன் கடைக்கு இவ்வளவு பக்தியோடு எந்தச் சாமானும் வந்ததில்லை என்றாராம். ஆறிப்போன, பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பாலன் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

“அக்கா, ஆபீஸ் நம்பர் மட்டும் பத்தாது. அவங்கவங்க வீட்டு நம்பரையும் தொறந்து விட்டுருங்க. மலைல லைன் கெடைக்கிறப்போ அவங்களே வீட்டுக்கு அடிச்சுச் சொல்லட்டும்.”

புனிதவதி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் கேட்டதைவிட அவன் ஒருபடி மேலே போய்விட்டான். அவள் ஒன்றும் கேட்காமல் ‘ஓம்’ என்றாள்.

தீபாவளிக்கு முதல் நாள் கம்பெனியில் டிரைவர்களின் குடும்பங்களுக்கெல்லாம் விருந்து. முதலாளி பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போன்கள் சாவியோடுதான் இருக்கும், இனி இந்தப் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம் என்று அறிவித்தார். அடுத்த வருஷப் பூஜைக்குப் போனுக்குப் பொட்டு கிடையாது, அதன் தோல் உறைக்கு மட்டும்தான் என்றும் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு தன் இடுப்பிலிருந்த போனை எடுத்துப் புனிதவதியின் கையில் வைத்தார். தனக்கு இது வேண்டாம், டீக்கடையில் உட்கார்ந்த அடுத்த நிமிஷம் இராஜம்மா கூப்பிட்டுவிடுகிறாள், இந்தக் கம்பெனியில் தனக்குத்தான் நிம்மதி போய்விட்டது என்றார். அவர் மனைவி இராஜம்மா பாயசக் கரண்டியோடு திரும்பிப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார்.

புனிதவதி வேண்டாம் வேண்டாம் என்றாள். ஆபீசில்தான் மேசை போன் இருக்கிறதே, ரயிலில் போகிறவளுக்கு எதற்கு, தன்னைக் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்றாள். முதலாளி கேட்கவில்லை. பக்கத்தில் முறுக்குத் தட்டோடு நின்ற வீரம்மாதான் அதன் நம்பரை அவளை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நானும் அவளும் ஆளுக்கொரு பை நிறையப் பலகாரத்தோடு ரயில் ஏறினோம். எனக்குக் கிள்ளான் வரை, அவளுக்குக் கோலாலம்பூர் வரை. அப்புறம் பஸ் பிடித்துப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போக வேண்டும். பெட்டியில் தீபாவளிக் கூட்டம். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, பட்டன் இடுக்கில் இன்னும் மஞ்சளாக இருந்ததை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தெலுக் காடோங் ஸ்டேஷன் தாண்டியதும் அது அடித்தது. பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவள் பயந்துபோய் என்னிடம் நீட்டினாள். எடுத்துப் பேசு என்று அதட்டினேன்.

காதில் வைத்தாள். வீரம்மாவுக்கும் புருஷனின் குரல்தான் வாய்த்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“எதுவரைக்கும் வந்திருக்கீங்க அக்கா?”

புனிதவதி உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அந்தப் பக்கம் வீரம்மா வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார், அவர் எப்போதும் காத்திருப்பது போல. நான் அவள் முழங்கையில் ஒரு இடி இடித்தேன்.

“தெலுக் காடோங் தாண்டிட்டன் அக்கா” என்றாள் புனிதவதி. “இருட்ட முதல் வீட்ட போயிடுவன்.”

நீங்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு இன்னொரு தடவை கூப்பிடுகிறேன் என்று வீரம்மா சொல்ல, இவள் ஓம், ஓம் என்று தலையை ஆட்டினாள். போனில் தலையாட்டினால் தெரியாது என்று நான் சொன்னது அவள் காதில் விழவே இல்லை.

கிள்ளானில் நான் இறங்கிக்கொண்டேன். ரயில் நகரும்போது திரும்பிப் பார்த்தேன். போன் மறுபடியும் அவள் காதில் இருந்தது. விஜயனின் மனைவியாக இருக்கும்.